ஐந்து பேர் தங்கிய மாடி வீட்டில் உறக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் ஐந்து பையன்களும் இதைப் படித்துப் பார்த்து, பெயர் போடாமல் எழுதலாம் என்று சம்மதித்தார்கள். அவர்கள் படிக்கும் கல்லூரிகளின் பெயரையும் விட்டுவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் தவறாக எடுத்த முடிவும் இதில் இருக்கிறது.

பின்னணி

நாகர்கோவிலில் பார்வதிபுரம் பக்கம் எங்கள் வீடு. கீழே நானும் கணவரும் இருக்கிறோம். மாடியைக் கல்லூரிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டு ஏழு வருஷம் ஆகிறது. நான் 31 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்குப் பாதி நைட் டூட்டி. உறக்கம் கெட்டால் ஒரு மனுஷன் என்ன ஆவான் என்பதை வார்டிலும் பார்த்திருக்கிறேன், என் உடம்பிலும் பார்த்திருக்கிறேன்.

மாடியில் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், சின்ன சமையலறை, ஒரே ஒரு குளியலறை. வெளியே இரும்பு கேட், அதை ஒட்டியே மாடிப்படி. படி ஏறியதும் முன்னறை. மேலே மொட்டைமாடி என்பதால் பகல் முழுக்க வாங்கிய சூடு ராத்திரி 11 மணி வரை தளத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் ஐந்து பேர் தங்கியிருந்தார்கள். முதலாண்டுப் பையன் மேற்குக் கடற்கரை ஊர்க்காரன், பொறியியலில் புதிதாகச் சேர்ந்தவன். குலசேகரத்திலிருந்து வந்தவன் மூன்றாமாண்டு. அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். இன்னொருவன் பி.காம். கடைசி வருஷம், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சாப்பாடு டெலிவரி வேலை, வீடு திரும்ப 11:40 ஆகும். நாலாவது பையன் விலங்கியல் படிக்கிறான், ராத்திரியானால் போனில் நண்பர்களோடு விளையாட்டு. ஐந்தாமவன் ஹாலில் தனியாகப் படுப்பவன், நல்ல உடம்பு, பயங்கரக் குறட்டை.

யார் எந்த அறையில் படுப்பது என்பதை அவர்களே பேசி முடிவு செய்திருந்தார்கள். யாருக்கு யார் பழக்கமோ அவர்கள் ஒன்றாக. அதனால் முதலாண்டுப் பையனும் விலங்கியல் பையனும் டெலிவரிப் பையனும் முன்னறையில், குலசேகரம் பையன் பின்னறையில். பின்னறையில் இருந்த ஒரே மேசையைத் தூக்கி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று முன்னறையில் போட்டிருந்தார்கள். இந்த மேசை பின்னால் முக்கியமாக வரும்.

விபத்து நடந்த காலை

ஜூலை மூன்றாம் வாரம், நல்ல சாரல் மழை. காலை எட்டேகால் மணிக்கு முதலாண்டுப் பையன் முழங்கையில் ரத்தத்தோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். அறைத்தோழனின் ஸ்கூட்டரில் தக்கலை ரோட்டில் போகும்போது சுங்கான்கடை தாண்டி வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஓரத்து மண்ணில் சரிந்திருக்கிறது. பிரேக் பிடித்த ஞாபகமே அவனுக்கு இல்லை. எதிரே லாரி வரவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான், அவ்வளவுதான் அன்றைக்கு நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

காயத்தைக் கழுவும்போது கேட்டேன், “எத்தன மணிக்கு மக்களே ஒறங்குன?”

“மூணு மணி இருக்கும் ஆன்ட்டி. அதுக்கும் மாத்திர போட்டுத்தான்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் காட்டினான். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற சின்ன மாத்திரை, குளோர்பெனிரமின். பத்தில் நாலு காலி. கூடப் படிக்கும் ஒருவன், “இதப் போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி ஒறங்கலாம்” என்று கொடுத்திருக்கிறான். இந்த வகை மாத்திரையின் மயக்கம் ராத்திரியோடு முடியாது, மறுநாள் பகலிலும் உடம்பில் கிடக்கும். ராத்திரி இரண்டரைக்குப் போட்டுவிட்டுக் காலை ஏழரைக்கு வண்டி ஓட்டியிருக்கிறான். கண் திறந்திருக்கும்போதே சில நொடி மூளை உறங்கிப்போகும். பல நாள் சரியாக உறங்காமல் உறக்கக் கடன் சேர்ந்தவர்களுக்கு அது வரும், அவர்களுக்கே தெரியாது. நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே உறங்கியவர்களுக்கு இது புரியும்.

முழங்கையில் ஆறு தையல். அன்றைக்கே இரண்டு விஷயம் சொன்னேன்: மாத்திரையை நிறுத்து, நான் சொல்லும்வரை வண்டி எடுக்காதே. இரண்டையும் கேட்டான். பஸ்ஸில் போக ஆரம்பித்த மூன்றாம் நாள், கல்லூரி நிறுத்தத்தைத் தாண்டி உறங்கிப்போய் மார்த்தாண்டத்தில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார். மாத்திரை நின்ற பிறகும் இப்படி என்றால் வேர் வேறெங்கோ இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் முடிவு: விளக்கை அணைத்தேன்

வார்டில் பத்து மணிக்கு விளக்கு அணையும். எனக்குத் தெரிந்த வழி அதுதான். வீட்டுக்காரி என்ற அதிகாரமும் கையில் இருந்தது. மாடியின் விளக்கு லைனுக்குத் தனி சுவிட்ச் கீழே எங்கள் பக்கம் உண்டு, ஃபேன் வேறு லைன். ஜூலைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, “இனி 11 மணிக்கு லைட் கிடையாது, எல்லாரும் ஒறங்கணும்” என்று சொல்லி அணைத்துவிட்டேன். பையனின் அம்மா போனில் அழுதது காதிலேயே நின்றது. சீக்கிரம் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதைப்பு எனக்கு.

நாலு நாள்தான் நடந்தது. விளையாடுகிறவன் போனோடு மொட்டைமாடிக்குப் போனான். சத்தம் இப்போது பக்கத்து வீட்டுக்கும் போனது. மற்றவர்கள் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நடந்தார்கள், அது டியூப் லைட்டை விட மோசமாகக் கண்ணில் குத்தும். இரண்டாம் நாள் ராத்திரி டெலிவரிப் பையன் இருட்டில் ஏறிவந்து தண்ணீர்க் குடத்தில் கால் இடித்து, குடம் உருண்டு, மற்ற நாலு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த நாள் அவர்களுக்குள்ளேயே சண்டை. “ஒன்னாலதாம்ல ஆன்ட்டி லைட்ட அணச்சாவ” என்று முதலாண்டுப் பையன்மேல் பழி விழுந்தது. அவன் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நானே சுவிட்சைப் போட்டுவிட்டேன். வார்டில் விளக்கை அணைத்துவிட்டு நர்ஸ் அங்கேயே உட்கார்ந்திருப்பாள், ஒவ்வொரு கட்டிலிலும் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இங்கே மாடியில் ராத்திரி என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமலே மருந்து கொடுத்திருக்கிறேன்.

ஒரு வாரக் குறிப்பு

ஆகஸ்டில் தினசரி காலண்டர் தாள்களைச் சேர்த்துப் பின்பக்கம் கோடு போட்டு ஐவரிடமும் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் எழுத வேண்டியது இவ்வளவுதான்: எத்தனை மணிக்குக் கிடந்தேன், எப்போது உறக்கம் பிடித்திருக்கும், ராத்திரி எத்தனை தடவை விழிப்பு, எதனால், எப்போது எழுந்தேன், நேற்றுக் கடைசி டீ எத்தனை மணிக்கு. யார் பெயரையும் எழுதக்கூடாது, சத்தத்தையோ வெளிச்சத்தையோ மட்டும் எழுத வேண்டும் என்றேன். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் அது புகார்ப் பட்டியல் ஆகியிருக்கும்.

ஏழு ராத்திரிக்குப் பிறகு கூட்டிப் பார்த்தால் முதலாண்டுப் பையனுக்குச் சராசரி 4 மணி 50 நிமிடம். டெலிவரிப் பையனுக்கு 5 மணி 10 நிமிடம். விலங்கியல் பையனுக்குக் கல்லூரி நாளில் ஐந்தரை மணி நேரம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 3 முதல் பகல் 11 வரை எட்டு மணி நேரம். குலசேகரம் பையனுக்கு 6 மணி 10 நிமிடம். ஹாலில் படுப்பவனுக்கு 7 மணி 45 நிமிடம். இந்த வயதுக்கு, 18 முதல் 25 வரை, தேவை 7 முதல் 9 மணி நேரம். அதைத் தொட்டவன் ஐவரில் ஒருவன்தான். அவனும் பகலெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

எல்லோரும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது விளையாடுகிறவனை. தாளைப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. முதலாண்டுப் பையன் 10:45-க்குக் கிடக்கிறான். 11:15 வாக்கில் உறக்கம் பிடிக்கிறது. 11:40-க்கு கேட் கொண்டி “டங்” என்று விழுகிறது, பைக் உறுமல், படியில் ஷூ, அறையில் டியூப் லைட், பொட்டலம் பிரிக்கும் சத்தம். விழித்துவிடுகிறான். மறுபடி கண் அயரும் நேரத்தில், பன்னிரண்டரைக்கு விளையாட்டுக் கூச்சல். இரண்டு தடவை எழுப்பப்பட்டவன் இனி வராது என்று தானே போனை எடுக்கிறான், ஒன்றரை இரண்டு மணி வரை. பிறகு எப்படியோ உறங்கினால் 4:35-க்கு “முகத்தில் வெளிச்சம்” என்று ஏழு நாளில் ஆறு நாள் எழுதியிருந்தான்.

அந்த வெளிச்சம் என்னவென்று எனக்குப் புரியவில்லை. குலசேகரம் பையன் காலையில் படிப்பான், ஆனால் லைட் போட மாட்டான், அவ்வளவு கவனமானவன். ஒருநாள் விடியற்காலை டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு மேலே போனேன். முன்னறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. அவன் மேசையில் உட்கார்ந்து, அப்பா பால் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். விடியுமுன் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும்; அந்த வீட்டில் நாலு மணிக்கு எழுவது பிறந்ததிலிருந்து வழக்கம். மற்றவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் ஹெட்லைட். ஆனால் ஒவ்வொரு தடவை அவன் யோசித்துத் தலையைத் திருப்பும்போதும் அந்த ஒளி சுவரில் ஏறி, கட்டிலில் இறங்கி, உறங்குகிறவன் முகத்தின் குறுக்கே போய்த் திரும்பியது. கலங்கரை விளக்கம் சுற்றுகிற மாதிரி. நான் நின்ற இரண்டு நிமிடத்தில் அந்தப் பையன் மூன்று தடவை முகத்தைத் தலையணைக்குள் புதைத்தான்.

அப்புறம் அலாரம். 4:30-லிருந்து 7 மணிக்குள் மாடியில் அடித்த அலாரம் மொத்தம் 11. அதில் ஏழு, எழுந்திருக்காத விலங்கியல் பையனுடையது. காரணம் கேட்டால், “பாத்ரூம் ஒண்ணுதான ஆன்ட்டி, அஞ்சேகாலுக்கே எழும்பி எடம் புடிக்கணும்” என்றான். எடம் பிடித்ததே இல்லை.

டீ பற்றிய வரியும் ஒன்றைக் காட்டியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது மணிக்கு முக்குக் கடையில் மூன்று பேர் சேர்ந்து கட்டன்சாயா, சில நாள் இரண்டு கிளாஸ். டீயிலுள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்குக் குடித்ததில் பாதி விடியற்காலை இரண்டு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஓணத்துக்கு நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. முதலாண்டுப் பையன் நாலு நாள் ஊருக்குப் போனான். தாளைக் கையோடு கொடுத்தனுப்பினேன். அங்கே பத்து மணிக்குக் கிடந்து ஆறு மணிக்கு எழுந்திருக்கிறான், ஒரு விழிப்பும் இல்லை. வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். ராத்திரி முழுக்க அலைச் சத்தம். அவனுக்கு உறக்க நோய் எதுவும் இல்லை என்பது அதிலேயே தெளிவானது. ஒரே சீராக இரைகிற சத்தம் உறக்கத்தைக் கெடுப்பதில்லை, அமைதியில் திடீரென்று விழுகிற சத்தம்தான் எழுப்பும். கொண்டி அந்த வகை.

இரண்டாவது முடிவு: நேரத்தைப் பார்த்து அறை

செப்டம்பர் முதல் ஞாயிறு, மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியும் வைத்து ஐவரையும் கீழே கூப்பிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். யார் தாள் எது என்று சொல்லவில்லை, எழுத்தைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். குலசேகரம் பையன் “முகத்தில் வெளிச்சம்” என்ற வரியை விரலால் தொட்டுக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. அத்தனை நாளும் தான் மட்டும்தான் யாருக்கும் இடைஞ்சல் இல்லாதவன் என்று நினைத்திருந்தான்.

விளையாடுகிறவன் கொஞ்சம் முறைத்தான். “நான் சத்தமே போடலியே” என்றான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. ஹெட்ஃபோனில் விளையாட்டுச் சத்தம் காதை நிறைத்தால் தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காது, தன்னை அறியாமலே குரல் உயரும். டெலிவரிப் பையன் ஒருநாள் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டிய பிறகு தலையாட்டினான். ஆனால் அன்றைக்கு எனக்கு உதவியதும் அவன்தான். “சோம்பேறிங்க அதான் காலைல எழும்பல” என்று யாரோ சொன்னதற்கு, பழ ஈக்களின் உடலுக்குள் நாள் கணக்கை நடத்தும் ஜீன்களைப் பிரித்துக் காட்டியதற்காக 2017-இல் ஜெஃப்ரி ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்ததைத் தன் பாடத்திலிருந்து எடுத்துச் சொன்னான். ஈக்கு இருக்கும் கடிகாரம் நமக்கும் இருக்கிறது, நம் வயசில் அது கொஞ்சம் பின்தங்கி ஓடும், அதனால்தான் பத்து மணிக்குக் கண் சொக்குவதில்லை என்றான். அது சரிதான். “அப்படின்னா ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு எழும்பினா அந்தக் கடிகாரம் என்ன ஆகும் மக்களே?” என்று கேட்டேன். அவனே பதில் சொன்னான்: “ஞாயித்துக்கிழம ராத்திரி ஒறக்கம் வராது.” அதற்குமேல் நான் வாதாடத் தேவை இருக்கவில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவுகளில் பெரியது அறை மாற்றம். நட்பை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்துப் பிரித்தோம். சீக்கிரம் உறங்கும் இருவர், முதலாண்டுப் பையனும் குலசேகரம் பையனும், பின்னறை. தாமதமாக உறங்கும் இருவர் படியை ஒட்டிய முன்னறை. மேசையை மாடியிலிருந்தே எடுத்துக் கீழே எங்கள் வராந்தாவில் போட்டேன். குலசேகரம் பையன் விடியற்காலை கீழே வந்து படிக்கட்டும். நான் எப்படியும் நாலரைக்கு எழுந்துவிடுவேன், ஜெபம் முடித்து எனக்குப் போடும் சாயாவில் அவனுக்கும் ஒரு கிளாஸ்.

கேட் கொண்டிக்கு என் கணவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினார். அதற்கு ஆன செலவு ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக ஒருத்தனை எழுப்பிக்கொண்டிருந்த சத்தம் அன்றைக்கே நின்றது. டெலிவரிப் பையன் தெருமுனை லைட் கம்பத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டி வருவான். படியில் மஞ்சள் ஜீரோ வாட் பல்பு ஒன்று எப்போதும் எரியும். சாப்பாட்டுப் பொட்டலத்தை அறையில் பிரிக்காமல் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

விளையாட்டு 11 மணிக்குப் பிறகு பேச்சில்லாமல். விளையாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை; சொன்னால் மொட்டைமாடிதான். ஞாயிற்றுக்கிழமையும் எட்டரைக்கு எழுவதாக அவனே ஒத்துக்கொண்டான். குளியலறைக்கு ஆளுக்கு இருபது நிமிடம் என்று நேரம் எழுதிக் கதவில் ஒட்டியதும் ஏழு அலாரத்துக்கு வேலை போய்விட்டது. ஒன்பது மணிச் சாயா சாயங்காலம் ஐந்தரைக்கு மாறியது. இதில்தான் அதிக எதிர்ப்பு வந்தது, ஏனென்றால் சாயாவை விட அந்த முக்கில் நின்று பேசுவது அவர்களுக்கு முக்கியம். சரி, பேசப் போங்கள், கையில் பால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

முதலாண்டுப் பையனுக்கு மட்டும் தனியாக மூன்று: காதுக்குப் பஞ்சு மாதிரி அமுங்கும் ஃபோம் அடைப்பான், அலாரத்துக்குப் பதில் அதிர்வு மட்டும் கொடுக்கும் கைப்பட்டை, போன் சார்ஜரை அறைக்கு வெளியே வைப்பது. அடைப்பானைப் பலரும் அப்படியே காதில் திணித்துவிட்டு “வேலைக்கு ஆகல” என்பார்கள். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரிகிற வரை அரை நிமிடம் விரலால் தாங்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை செய்து காட்டினேன். ஃபேனை முழு வேகத்தில் வைக்கவும் சொன்னேன். “கடல் மாதிரி கேக்குது” என்றான்.

ஹாலில் படுப்பவன்

இவனை முதலில் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மற்றவர்களை எழுப்பும் குறட்டைக்காரன் என்ற அளவில்தான் பார்த்தேன். அவன் தாளில்தான் ஒன்று பொருந்தவில்லை: ஏழே முக்கால் மணி நேரம் உறங்குகிறான், சாயா குடிப்பதே இல்லை, ஆனால் காலையில் தலைவலி, மதியம் கண் செருகல். அறைத்தோழர்களிடம் ஒரு ராத்திரி போனில் பதிவு செய்யச் சொன்னேன். குறட்டை ஏறிக்கொண்டே போய் சட்டென்று நின்றது. எண்ணினேன், பதினெட்டு விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு மூச்சுத் திணறி ஒரு பெரிய இழுப்பு. சில நிமிடத்தில் மறுபடியும்.

இதற்குச் சீக்கிரம் படுப்பதோ சாயாவைக் குறைப்பதோ தீர்வு கிடையாது. உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிறது, மூளை ஒவ்வொரு தடவையும் எழுந்து காப்பாற்றுகிறது, அவனுக்கு அது நினைவில் இருப்பதில்லை. பதிவோடு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். ராத்திரி முழுக்கக் கருவிகள் மாட்டிப் பார்க்கும் உறக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை உறுதியானது. டான்சில் பெரிதாக இருந்தது, எடையும் ஒரு காரணம். ஒருக்களித்துப் படுக்கவும், எடை குறைக்கவும், தேர்வு விடுமுறையில் அறுவைச் சிகிச்சைக்கு வரவும் சொன்னார்கள். கூடத் தங்கியவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுவந்த குறட்டை அது. ஐவரில் உண்மையான நோயாளி அவன்தான்.

பிறகு நடந்தது

அக்டோபர் முதல் வாரம் மறுபடி ஏழு நாள் எழுதச் சொன்னேன். முதலாண்டுப் பையன் 6 மணி 50 நிமிடம், ராத்திரி விழிப்பு வாரத்தில் இரண்டே தடவை. குலசேகரம் பையன் ஒன்பதே முக்காலுக்கே கிடக்க ஆரம்பித்ததால் ஆறே முக்கால் மணி நேரம். விலங்கியல் பையன் 6 மணி 40 நிமிடம், ஆனால் அந்த ஞாயிறு பத்து மணிக்குத்தான் எழுந்தான். வண்டி ஓட்ட முதலாண்டுப் பையனுக்கு நான் அனுமதி கொடுத்தது இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

டெலிவரிப் பையனுக்கு ஐந்து மணி பத்து நிமிடம் ஆறேகால் ஆனது, அதற்குமேல் ஏறவில்லை. அவன் சம்பாத்தியத்தில்தான் தங்கையின் பள்ளிக் கட்டணம் போகிறது. வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லியிருந்தாலும் அது நியாயமில்லை. மதியம் கல்லூரி நூலகத்தில் 20 நிமிடம் தலை சாய்க்கச் சொன்னேன். அரை மணிக்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும் என்பதால் அவ்வளவுதான். வேலை இல்லாத திங்களும் செவ்வாயும் பத்தரைக்கே கிடக்கிறான். அவன் விஷயத்தில் இதைத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

நவம்பர் கடைசியில் எல்லாம் கொஞ்சம் குலைந்தது. செமஸ்டர் தேர்வு ஒருபக்கம், கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா இன்னொரு பக்கம். டிசம்பர் 3-ஆம் தேதி வரை ஊரே விழித்திருக்கும். பையன்களும் ஒன்பதாம் பத்தாம் நாள் திருவிழாவுக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பினார்கள். முதலாண்டுப் பையன் மூன்று ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கி, கணிதத் தேர்வுக்கு முந்தின நாள் கண்ணே மூடாமல் படித்தான். படித்தது தலையில் உட்காருவதே உறக்கத்தில்தான் என்று எவ்வளவோ சொன்னேன். பயம் கேட்கவில்லை. அந்தப் பேப்பர் போய்விட்டது. மற்றவை தேறினான்.

ஆனால் ஜூலையில் நடந்த மாதிரி அவன் கீழே விழுந்து கிடக்கவில்லை. தேர்வு முடிந்த மறுநாளே, பகலில் உறங்காமல், வழக்கமான ஆறரைக்கு எழுந்தான். எழும் நேரத்தைப் பிடித்தால் உறங்கும் நேரம் தானாக வரும் என்று செப்டம்பரில் சொன்னதை நினைவு வைத்திருந்தான். ஒரு வாரத்தில் பழையபடி ஆனது.

மார்கழி பிறந்ததும் பக்கத்துக் கோயிலில் விடியற்காலை நாலரைக்குக் குழாயில் பாட்டு. ராத்திரி 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருப்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே உண்டு. நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வருஷம் முழுக்க முகம் பார்க்கிற ஆட்கள். கமிட்டிப் பெரியவரிடம் போய், “அண்ணே, மாடியில பிள்ளையளுக்குப் பரீட்ச எழுதி ஒறக்கம் கெட்டுக் கெடக்கு, அந்தக் குழாய மட்டும் கொஞ்சம் கெழக்க திருப்பி வைக்க முடியுமா?” என்று கேட்டேன். அன்று மதியமே ஆள் ஏறித் திருப்பிவிட்டான், சத்தத்தையும் குறைத்தார்கள்.

இனி என்றால் எதை மாற்றுவேன்

முதல் நாளே ஐவருக்கும் தாள் கொடுத்திருப்பேன். ஜூலையிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நான் வீணாக்கிய நாட்களில் அந்தப் பையன் எத்தனை தடவை ரோட்டைக் கடந்திருப்பான் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மாத்திரை போடுகிறாயா என்ற கேள்வியை காயம் வரும்வரை யாரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். சளி மாத்திரை, இருமல் மருந்து, யாரோ கொடுத்தது, எதுவானாலும். ஹால் பையனின் குறட்டையை ஒரு வருஷம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். அவன் எங்கள் மாடிக்கு வந்து அப்போதே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மொட்டைமாடிச் சூட்டுக்கு இன்னும் ஒரு வழியும் செய்யவில்லை. மார்ச் பிறந்ததும் ராத்திரி 11 மணி வரை அறையில் கிடக்க முடியவில்லை என்று இருவர் மேலே பாய் போட்டுக் கொசுவலைக்குள் படுத்தார்கள். முடைந்த ஓலை பரப்பலாமா, வெள்ளைப் பூச்சு அடிக்கலாமா என்று கணவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஹால் பையனுக்கு ஏப்ரல் கடைசியில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. ஜூனில் கல்லூரி திறந்தபோது இரண்டு புதுப் பையன்கள் அறை கேட்டு வந்தார்கள். அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால் ராத்திரி எத்தனை மணிக்குக் கிடப்பாய், காலையில் எத்தனை மணிக்கு எழும்புவாய், வேலைக்குப் போகிறாயா என்று கேட்டேன். ஒருவன் பதினோரு மணி என்றான், முன்னறை கொடுத்தேன். இன்னொருவன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒம்பதர” என்றான். பின்னறையில் முதலாண்டுப் பையனோடு, அதாவது இப்போது இரண்டாமாண்டு, அவனைப் போட்டிருக்கிறேன்.